பாலத்தை நாங்க பாத்துக்கிறோம்

தேசப் பாதுகாப்புக் குழுவில் எல்லாவற்றுக்கும் ஒரு நிபுணர் இருந்தார். ஏவுகணைக்கு ஒருவர், பொருளாதாரத்துக்கு ஒருவர், பக்கத்து நாட்டில் நான்கு வருடம் தூதராக இருந்துவிட்டு வந்தவர் ஒருவர். பக்கத்து நாட்டுக்காரன் வாயைத் திறந்தால் என்ன சொல்கிறான் என்று தெரிந்தவர்தான் யாரும் இல்லை. பழைய தூதருக்கு அந்த மொழியில் டீ கேட்கத் தெரியும், சர்க்கரை வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. நான்கு வருடமும் சர்க்கரை போட்டே குடித்துவிட்டு வந்திருந்தார். அதனால்தான் அந்த நாட்டுத் தலைவர் திருவாய் மலர்ந்த ஒரே ஒரு வாக்கியத்துக்கு அர்த்தம் கேட்க, அந்த மொழியைச் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியையைக் கல்லூரி வாசலிலேயே காரில் ஏற்றி அழைத்துப் போனார்கள்.

வாக்கியம் எல்லைப் பாலத்தைப் பற்றியது. ஆற்றின் மேல் இருக்கும் அந்தப் பாலத்தில் பாதி நம்முடையது, பாதி அவர்களுடையது. ‘பாலம் தொடர்பாகக் கடும் நடவடிக்கை எடுப்போம் எனத் தலைவர் எச்சரிக்கை’ என்று உளவுத் துறை எழுதி அனுப்பியிருந்தது. அது எச்சரிக்கைதான் என்று குழு முடிவு செய்தால், இந்தக் கரையில் முகாமிட்டிருக்கும் படைப்பிரிவு இருட்டுவதற்குள் பாலத்தில் ஏறும். குழுவை நடத்தும் பாதுகாப்பு ஆலோசகர் இதைப் பேராசிரியையிடம் சாவகாசமாகச் சொல்லி முடித்தார். அவளுடைய ஒரே மகன் அந்தப் படைப்பிரிவில்தான் இருந்தான்.

அவள் அதைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. வந்தது அர்த்தம் சொல்ல, குடும்பக் கதை சொல்ல இல்லையே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அறையில் ஜன்னல் கிடையாது. ஏசியின் ரிமோட் தொலைந்து மாதக்கணக்காகிறதாம், குளிரைக் குறைக்க வழியில்லாமல் ஆலோசகர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தேசத்தைக் காத்துக்கொண்டிருந்தார்.

ஒலிப்பதிவை யாராவது கேட்டீர்களா என்று விசாரித்தாள். கேட்கவில்லை. உளவுத் துறையின் சுருக்கத்தை மற்றவர்கள் படித்திருந்தார்கள், அந்தச் சுருக்கத்தின் சுருக்கத்தை ஆலோசகர் படித்திருந்தார். அசல் வாக்கியத்தையாவது காட்டுங்கள் என்றாள். ஒரு வழியாகத் தேடிப்பிடித்துக் காட்டினார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

“இதை நம்ம பேச்சுல சொன்னா, ‘பாலத்தை நாங்க பாத்துக்கிறோம்’னு வரும். அவ்வளவுதான் சார்.”

“பாத்துக்கிறோம்னா?” என்றார் ஏவுகணை நிபுணர். அந்தச் சொல்லை வாழ்நாளில் முதல்முறையாகக் கேட்பவர் மாதிரி அவர் முகம் இருந்தது.

அவள் பொறுமையாக விளக்கினாள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, நீ வேலைக்குப் போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தங்கை சொன்னால் அது அன்பு. தெருச் சண்டையில் ஒருவன் சட்டையை உதறிக்கொண்டு, உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்றால் அது மிரட்டல். குழாய் ஒழுகுகிறது என்று போய்ச் சொல்லும்போது வீட்டுக்காரர், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றால் அது ஒழுகிக்கொண்டேதான் இருக்கும் என்று அர்த்தம். அந்த மொழியிலும் அப்படியே. ஆளைச் சொன்னால் பயப்பட வேண்டும், பாலத்தைச் சொன்னால் பயப்பட ஒன்றும் இல்லை.

பொருளாதார நிபுணர் தலையாட்டினார். அவர் வீட்டிலும் குழாய் ஒழுகியது போலிருக்கிறது. ஏவுகணை நிபுணர் விடவில்லை. யாரிடம் சொன்னார், எந்தத் தொனியில் சொன்னார் என்று தெரியாமல் தேசத்தை ஒரு குழாயை நம்பி விட முடியாது என்றார். அது நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது. கடைசியில் ஒலிப்பதிவைக் கொண்டுவந்து போட்டார்கள்.

தலைவர் முழங்கினார், கூட்டம் கை தட்டியது, பேச்சு முடிந்தது. மேடையை விட்டு இறங்கும் காலடிச் சத்தம். மைக்கை அணைக்க மறந்திருந்தார்கள். ஒரு பெரியவர் குறுக்கே வந்து, ஐயா, பாலத்தில் விளக்கு எரிவதே இல்லை, சைக்கிளோடு விழுந்து கையை உடைத்துக்கொண்டேன் என்றார். தலைவர் ஒரு கொட்டாவி விட்டார். கொட்டாவி முடிகிற இடத்தில் அந்த வாக்கியம் வந்தது.

வரிக்கு வரி அவள் அர்த்தம் சொன்னாள். மேஜையைச் சுற்றி யார் முகத்திலும் ஈயாடவில்லை. ஆலோசகர் பேனாவை எடுத்து, “அப்ப இது வெறும் தெருவிளக்குப் பிரச்சினை” என்றபடி எழுதப் போனார்.

“அப்பாடா” என்றாள் அவள்.

அவளுக்குத் தெரியாமலே வாயிலிருந்து விழுந்துவிட்டது. ஆலோசகரின் பேனா பாதியில் நின்றது. எதற்கு அப்பாடா என்று கேட்டார். வாழ்நாள் முழுக்கச் சொல்லுக்கு அர்த்தம் சொல்லியே பிழைத்தவளுக்கு, சொந்த அப்பாடாவுக்குப் பொய்யான அர்த்தம் சொல்ல மனசு வரவில்லை. மென்று விழுங்கிவிட்டு, மகன் அந்தப் படைப்பிரிவில் இருப்பதைச் சொன்னாள்.

“இதை முதல்லயே சொல்லியிருக்கணும் மேடம்.”

“அர்த்தம் மாறாது சார்.”

“அர்த்தம் மாறாது. சொல்றது யாருங்கிறது மாறிடுச்சே.”

அவர் கோபப்படவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. நிபுணர் கருத்து என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டுத் தாயின் கருத்து என்று எழுதினார். இனி நடுநிலையான ஒருவர் வேண்டும் என்றார். எல்லோரும் பழைய தூதரைப் பார்த்தார்கள். அவருக்கு எல்லையில் பிள்ளை இல்லை, உறவு இல்லை, அந்த மொழியும் இல்லை. அவரைவிட நடுநிலையான ஆள் கிடைப்பது கஷ்டம். தூதர் கண்ணை மூடிக்கொண்டு ஒலிப்பதிவை இன்னொருமுறை கேட்டார். கொட்டாவி வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, இது உறுமல் என்றார்.

அரை மணி நேரத்தில் முடிவாகிவிட்டது. படைப்பிரிவு பாலத்தில் ஏறும்.

எல்லோரும் எழுந்து போனபின் ஆலோசகர் அவளை மட்டும் இருக்கச் சொன்னார். நல்ல மனுஷன். தனக்கும் பிள்ளைகள் இருப்பதாகச் சொன்னார், குரலைத் தாழ்த்திக்கொண்டார். “உங்க பையனை மட்டும் இன்னைக்கே தலைநகருக்கு மாத்திடலாம். ஒரு போன் போதும்.”

வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்ல முடியவில்லை. சரி என்றாள். அவர் அங்கேயே போனை எடுத்துப் பேசி முடித்தார். அவள் எழுந்திருக்கவில்லை.

“இப்ப எனக்குப் பாலத்துல யாரும் இல்ல சார். சொன்னதைத் திரும்பச் சொல்றேன், நிபுணர் கருத்துன்னே எழுதிக்குங்க. அது மிரட்டல் இல்ல. தயவுசெஞ்சு யாரையும் அனுப்பாதீங்க.”

ஆலோசகர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். “இப்ப நீங்க எங்ககிட்ட உதவி வாங்கினவங்களாச்சே மேடம்.”

அவளை வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டது அதே கார்தான். சாப்பிடப் பிடிக்கவில்லை. மகன் கூப்பிட்டபோது செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹாலில் உட்கார்ந்திருந்தாள். ஜீப்பில் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னான், பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது. மற்றவர்கள் எல்லாம் பாலத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது தன்னை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வண்டியில் ஏற்றினார்களாம். அவர்கள் யாரும் தன் முகத்தைப் பார்க்கவில்லை என்றான்.

“யாரும்மா மாத்தச் சொன்னது? நீயா?”

“ஆமாடா.”

எஞ்சின் சத்தத்துக்கு மேலே அவன் குரலை உயர்த்தினான்.

“எனக்குப் பதிலா யாரைப் போடறாங்கன்னு கேட்டியா?”

அந்த அறையில் அவள் எத்தனையோ கேட்டிருந்தாள். ஒலிப்பதிவைக் கேட்டாள், அசல் வாக்கியத்தைக் கேட்டாள், யாரையும் அனுப்பாதீர்கள் என்றுகூடக் கேட்டாள்.

“கேக்கலடா” என்றாள்.