பெட்டிக்குக் காவல்

"அந்த ரெண்டு சாவியையும் அத்தை கையில கொடுத்துடுங்க."

தனப்பிரியா இதைச் சொன்னபோது அவள் கணவனின் அண்ணன் சென்னியப்பன் நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். உறிஞ்சல் நின்றது. கணவன் கதிர்வேல் அவளைப் பார்க்காமல் இலையைப் பார்த்தான். இலையில் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

கல்யாணமாகி ஆத்தூரிலிருந்து கிளம்பிய அன்று அவளுடைய அம்மா கார் ஜன்னலுக்குள் தலையை விட்டுச் சொன்ன புத்தி ஒன்றே ஒன்றுதான். பசித்தால் சோறு கேள், தலை வலித்தால் மாத்திரை கேள், மாமியார் வீட்டில் சாவியை மட்டும் கேட்டுவிடாதே. ஜவ்வரிசி மில்லில் கிழங்கு உரித்துப் பெண்ணை பி.எஸ்சி. படிக்கவைத்தவள் சொன்னது. இரண்டு வருஷமாக அந்தச் சொல்லைக் காப்பாற்றித்தான் வந்தாள். கேட்பதற்கு இந்த வீட்டில் வேறு ஒரு வாய் இருந்திருந்தால் இன்றைக்கும் காப்பாற்றியிருப்பாள்.

சாவி என்றால் இரும்புப் பெட்டியின் சாவி. பெட்டி இருப்பது மாமியார் உண்ணாமலையின் படுக்கையறையில். அவருக்கு எழுபத்தோரு வயது. திருச்செங்கோட்டுப் பக்கம், தார் ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே தள்ளி, தோட்டத்துக்கு நடுவே வீடு. கத்திக் கூப்பிட்டால் மூன்று எருமைகள் திரும்பிப் பார்க்கும். பக்கத்துத் தோட்டத்துக் குப்பாயிக்குக் கேட்க வேண்டுமானால் காற்று அந்தப் பக்கம் அடிக்க வேண்டும். மாமனார் இறந்த பிறகு ஐந்து வருஷமாக அங்கே அவர் தனியாள். பெரிய மகன் சென்னியப்பன் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறவர். டவுனில் மாடி வீடு. சின்னவன் கதிர்வேலும் தனப்பிரியாவும் நாமக்கல்லில் இருக்கிறார்கள். கோழித்தீவன ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை.

இரண்டு மாசத்துக்கு முன்னால், நாலு ஊர் தள்ளி, தனியாக இருந்த ஒரு கிழவியின் காதை அறுத்துத் தோட்டைக் கொண்டுபோனார்கள். அன்றைக்குத்தான் மகன்கள் இருவருக்கும் தங்களுக்கு ஒரு தாய் இருப்பது ஞாபகம் வந்தது. 'அம்மா பாதுகாப்பு' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கினார்கள். பங்காளிகள், மச்சான்கள், ரிக் டிரைவர் எல்லோரும் அதில் இருந்தார்கள். அம்மா இல்லை.

குரூப்பில் யோசனைகள் கொட்டின. துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கலாம் என்றார் ஒரு மச்சான். உண்ணாமலை ஊசியில் நூல் கோக்கக் குப்பாயியைத் தேடிப் போகிறவர். ராஜபாளையம் நாய் இரண்டு விடலாம் என்றார் இன்னொருவர். அதுகளுக்கு யார் சோறு வைப்பது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கதிர்வேல் தன் பங்குக்கு ஆன்லைனில் மிளகு ஸ்பிரே வரவழைத்தான். கொசு மருந்தென்று நினைத்து அதைக் கட்டிலுக்கடியில் அடித்துவிட்டு அரைநாள் தும்மிக்கொண்டிருந்தார் மாமியார்.

பிறகு கேமரா நாலு வந்தன. மூன்று மோட்டார் ரூமைப் பார்த்தன, ஒன்று தென்னந்தோப்பைப் பார்த்தது. மாட்ட வந்த சேலத்துக்காரர் ஆஷிக், தயங்கித் தயங்கி, வாசலுக்கு ஒன்றைத் திருப்பட்டுமா என்று கேட்டிருக்கிறார். போன வருஷம் ரெண்டு தடவை மோட்டார் கேபிளை வெட்டிட்டுப் போயிட்டானுங்க, ஊட்டுக்குள்ள என்ன இருக்குது என்றாராம் சென்னியப்பன்.

அடுத்த வாரமே வீட்டுக்குள் ஒன்று வந்தது.

செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய இரும்புப் பெட்டி. மார்பளவு உயரம். மினி லாரியில் நட்டநடுவே நிறுத்தி, தார்பாய்கூடப் போடாமல், சாமி ஊர்வலம்போல ஊருக்குள் கொண்டுவந்தார்கள். டீக்கடையில் நிறுத்தி வழி கேட்டார்கள். இறக்க ஆள் போதாது என்று அங்கேயே பேர் ஊர் தெரியாத நாலு பேரை ஏற்றிக்கொண்டார்கள். இறக்கிய பிறகு பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை; ஒரு தேங்காய்; வந்தவர்களுக்கெல்லாம் லட்டு. ஒவ்வொருவரும் கிழவியின் படுக்கையறை வரை வந்து, பெட்டியைத் தட்டிப் பார்த்து, கனத்தை மெச்சிவிட்டுப் போனார்கள். திருடன் வழி தெரியாமல் அலைந்து சிரமப்படக் கூடாது என்று இவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்ட குடும்பத்தைத் தனப்பிரியா அதற்குமுன் பார்த்ததில்லை.

உள்ளே மாமியார் நகை, மருமகள்கள் இருவரின் நகை, நிலத்துப் பத்திரம். பேங்க் லாக்கரில் வைத்திருக்கலாம். அண்ணன் பேரிலா தம்பி பேரிலா என்று முடிவாகவில்லை. அதனால்தான் தேடிப்பிடித்து இரட்டைப் பூட்டுப் பெட்டியாக வாங்கினார்கள். அண்ணனிடம் ஒரு சாவி, தம்பியிடம் ஒரு சாவி. இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். அம்மாவிடம் இருந்தால் யாராவது கேட்டதும் கொடுத்துவிடும் என்றார்கள். யாராவது என்று அண்ணன் சொன்னது தம்பியை. தம்பி சொன்னது அண்ணனை.

இப்போது சென்னியப்பன் நாளைக் காலையில் ரிக்கோடு சத்தீஸ்கர் கிளம்புகிறார். சாவி அவர் அரைஞாண் கயிற்றில் ஆயிரம் மைல் போகப்போகிறது. அதற்குத்தான் தோட்டத்து வீட்டில் இந்த ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோறு.

சென்னியப்பன் எலும்பை இலையில் வைத்தார். சிரித்தார்.

"ஏனம்மிணி, உங்க ஊட்டுல போட்டு அனுப்புன எட்டுப் பவுனுக்கு இத்தனை அவசரமா?"

கதிர்வேலும் லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அந்த எட்டையும் நீங்களே வெச்சுக்கங்க மாமா. கத்தியோட ஒருத்தன் வந்து பெட்டியைத் திறன்னு சொன்னா, அத்தை எதை வெச்சுத் திறப்பாங்க?"

சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல அவர் பொறுமையாக விளக்கினார். சைரன் மாட்டியிருக்கிறது. யாராவது கதவை உடைத்தால் உடனே அவர் போனில் அடிக்கும். அவர் சத்தீஸ்கரிலிருந்து கதிர்வேலைக் கூப்பிடுவார். கதிர்வேல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பேசுவான். அவர்கள் ஜீப் எடுத்து வருவார்கள். அதற்குள் குழியே தோண்டி முடித்துவிடலாம், ரிக்கூடத் தேவைப்படாது என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, சமையலறை நிலையோரம் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த மாமியார் பக்கம் திரும்பினாள்.

"நீங்க என்ன அத்தை சொல்லுவீங்க அவன்கிட்ட?"

"சாவி என்றகிட்ட இல்லீங்கன்னு சொல்லுவேன்." உண்ணாமலை ஒரு கொட்டையை முறத்தில் போட்டார். "நம்புவானா அவன்? நானா இருந்தாலும் நம்ப மாட்டேன்."

பரிமாறிக்கொண்டிருந்த சௌமியா, சென்னியப்பனின் மனைவி, ரசச் சட்டியோடு அப்படியே நின்றாள். அம்மா எதையாவது சொல்லிக்கிட்டிருக்கும் என்று முனகினான் கதிர்வேல். ஆறு வாரமாக அம்மா எங்கே படுக்கிறார் என்று தெரியுமா என அவனைக் கேட்டாள் தனப்பிரியா. அவனுக்குத் தெரியவில்லை. அண்ணனுக்கும் தெரியவில்லை. நாலு கேமராவுக்கும் தெரியவில்லை.

அவளுக்குத் தெரியும். போன புதன்கிழமை விடிகாலையில் சொல்லாமல் வந்து நின்றாள். வீட்டுக் கதவு வெளியே பூட்டியிருந்தது. மாமியார் எருமைக் கொட்டகையில், தீவனத் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே கயிற்றுக் கட்டிலைப் போட்டு, சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தார்.

"அந்தப் பெட்டிகிட்டப் படுத்தா கண்ணை மூட முடியிலீங்க சாமி," என்றார் உண்ணாமலை, மூத்த மகனைப் பார்த்து. "எருமைக் கொட்டாயில படுத்தா, வாரவன் ஊட்டுக்குள்ள போயி அதைக் கட்டிக்கிட்டு அழுவான். என்னை வுட்டுருவான்."

அந்தப் புதன்கிழமை தனப்பிரியா ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு அங்கேயே இருந்தாள். உள்ளூர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வாசல் விளக்கு, பின்கட்டு விளக்கு இரண்டுக்கும் கட்டில் பக்கத்திலேயே சுவிட்ச் வைத்தாள். கொல்லைக் கதவுக்கு உள்ளே குறுக்குச் சட்டம் போட்டாள். மாமியார் போனில் ஒன்றை அழுத்திப் பிடித்தால் குப்பாயிக்கு, இரண்டை அழுத்தினால் குப்பாயி மகனுக்கு. நாலு தடவை அழுத்திப் பழக்கினாள். பாதுகாப்புக் குரூப்பில் நாற்பது பேர் இரண்டு மாசம் பேசியதில் வராத வேலை, மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. பெட்டி மட்டும் அசையவில்லை. அது இருக்கிறவரை எந்தச் சட்டமும் எந்த விளக்கும் அதைத் தேடி வருகிறவனைத் தடுக்காது. இது போகட்டுமா அத்தை என்று கேட்டாள். உண்ணாமலை பெட்டியை ஒரு தரம், அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, போயித் தொலையட்டும் என்றார்.

"சாவி கொடுக்க மனசில்லேன்னா பரவாயில்லைங்க மாமா," என்றாள் தனப்பிரியா இப்போது. "நகையை எடுத்து அத்தை பேர்லயே பேங்க்ல வெச்சுடலாம்னு பார்த்தேன். வேண்டாம். பெட்டி பூட்டுனபடியே போகட்டும். மினி லாரிக்குக் காலையிலேயே சொல்லியாச்சு, மூணு மணிக்கு வருது."

"எங்க போறதுக்கு?"

"உங்க வீட்டுக்கு."

சென்னியப்பன் எச்சில் கையோடு எழுந்தார்.

"என்ற ஊட்டுக்கா? நானு நாளைக்கு வண்டியெடுத்தா தை பொறந்துதான் வாரேன். சௌமியா ஒண்டியாக் கெடப்பா. பொம்பளை ஒண்டியா இருக்கற ஊட்டுல அதைக் கொண்டுபோயி வெச்சுட்டு எப்படி அம்மிணி..."

வாக்கியம் அங்கேயே நின்றது. அவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. சௌமியா ரசச் சட்டியைத் தரையில் வைத்தாள். சத்தம் வரும்படியாகவே வைத்தாள். அதுவரை நிற்காத உண்ணாமலையின் கை நின்றது. மகனை ஏறிட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம்தான். பிறகு அடுத்த புளியை எடுத்து உடைத்தார்.

இதற்கு மேல் தான் சொல்ல எதுவும் இல்லை என்று தனப்பிரியாவுக்குத் தெரிந்தது. ரிக் முதலாளி, ஊர்ப் பெரியதனக்காரர், குரூப்பின் அட்மின். தன்னைத் தானே இவ்வளவு ஆழத்துக்குத் தோண்டிக்கொள்வார் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

தென்னை மரங்களுக்கு அப்பால் ஹாரன் கேட்டது.

கதிர்வேல் கையைக் கழுவாமலே அவள் பின்னால் வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பிரியா, பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போறதை ஊர்ல நாலு பேரு பார்த்தா என்னன்னு நினைப்பாங்க?"

"பார்க்கணும். அதுக்குத்தான் தார்பாய் வேண்டாம்னு சொன்னேன். போற வழியில டீக்கடையில பத்து நிமிஷம் நிக்கச் சொல்லியிருக்கேன். வந்தப்ப பார்த்தவங்க எல்லாரும் போறப்பவும் பார்த்தாத்தான், அந்த வீட்ல இனிமே ஒண்ணுமில்லேன்னு தெரியும்."

சிரித்த வாய் இப்போது திறந்தபடி இருந்தது. தன் சாவியைத் தரலாமா, கூடாதா என்று அவன் கை சட்டைப் பையருகே போய்ப் போய்த் திரும்பியது. அது முடிவுக்கு வரும்வரை நிற்க அவளுக்கு நேரமில்லை. பூட்டைத் திறக்க வேண்டிய தேவை எப்போதோ போய்விட்டிருந்தது.

தோட்டத்து கேட்டின் சாவி மட்டும் இந்த வீட்டில் யாருக்கும் சொந்தமில்லாமல் வாசல் ஆணியில் தொங்கும். அதை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, வெயிலில் இறங்கிக் கேட்டை நோக்கி நடந்தாள்.