இரண்டாம் மாடி வரை

பெரிய கிளப் விலைக்கு வாங்கிய வாரத்தில், சிட்டு என்று எல்லோரும் கூப்பிட்ட கால்பந்து ஆட்டக்காரனின் எடை ஒரு காரின் எடைக்கு ஏறியது. உடம்பு பருக்கவில்லை. அதே ஒடிசலான தோள், அதே குச்சிக் கால்கள். அவன்மேல் போட்ட விலை அவனுக்குள் இறங்கிவிட்டது, அவ்வளவுதான். அந்த லீக்கில் இது புதிதல்ல. விலை போன ஆட்டக்காரர்கள் எல்லோருமே சற்றுக் கனத்துத்தான் நடந்தார்கள். ஆனால் இவ்வளவு விலைக்கு அதுவரை யாரும் போனதில்லை. பெரிய கிளப் தன் மைதானத்தில் புல்லுக்கு அடியில் கான்கிரீட் போட்டது. அப்படியும் சிட்டு ஓடிய இடமெல்லாம் கணுக்கால் ஆழத்துக்குக் குழி விழுந்தது.

அவனை விற்ற சின்ன கிளப்பில் நிலைமை நேர் எதிர். விற்ற பணத்தை வங்கி கடனுக்கு எடுத்துக்கொண்டதால் மற்றவர்களின் சம்பள பாக்கி அப்படியே நின்றது, மாதத்துக்கு மாதம் அவர்கள் எடை குறைந்துகொண்டே போனார்கள். தலையால் பந்தை முட்ட எழும்பியவன் கீழே வர நேரம் பிடித்தது. காலுறைக்குள் கல்லைக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். ஆட்டத்துக்கு முன் நடுவர் ஒவ்வொரு காலுறையாகத் தடவிப் பார்த்து, பெரிய கல்லாக இருந்தால் எடுத்துவிடச் சொன்னார். விதி அப்படி.

சிட்டுவின் அக்கா அந்தக் கிளப்பில்தான் ஜெர்சி துவைத்தாள். கல்யாணம் செய்துகொள்ளாமல், மூன்றாம் மாடி வீட்டில் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்துப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்த அப்பா இடுப்பு முறிந்து கட்டிலோடு கிடந்தார். வளைந்து வளைந்து இறங்கும் அந்தக் குறுகலான படிகளில் அவரைத் தூக்கி வர டாக்டர் சம்மதிக்கவில்லை. விலை போனபின் முதல்முறையாக வீட்டுக்கு வந்த சிட்டு கீழ்ப் படியில் கால் வைத்தான். படி இரண்டாகப் பிளந்தது. இனி ஏற வேண்டாம் என்று வீட்டுக்காரர் வருத்தத்தோடு கும்பிட்டார். அன்றிலிருந்து அவன் தெருவில் நின்று பேசினான், அப்பா மேற்கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

ஒருநாள் அவர் மெதுவாகச் சொன்னதை அக்கா ஜன்னல் வழியே எடுத்துச் சொன்னாள். "டேய், தெருவுல நின்னு கத்தினா காய் விக்கிறவன்னு நெனைக்கிறாங்களாம். முகத்தப் பாக்கணுமாம். எத்தனை நாளைக்கு இருப்பேன்னு தெரியல, மேல வரச் சொல்லுன்றாரு."

சிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றான். பிறகு திரும்பி நடந்தான்.

அந்த மாதச் சம்பளத்தை அப்படியே பழைய தோழர்களுக்கு அனுப்பினான். வேறு எதற்காகவும் இல்லை, அவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அக்கா சொல்லியிருந்தாள். பணம் போய்ச் சேர்ந்த அன்று சின்ன கிளப்பின் கோல்கீப்பர் காலுறையிலிருந்த கல்லை எடுத்துப் போட்டார். அவர் பாதம் தரையில் பதிந்தது. கொடுத்த அளவுக்குக் கனம் குறைந்த சிட்டு, புதிதாக மாற்றிய கீழ்ப் படியில் ஏறி நின்றான். படி முனகியது, உடையவில்லை. ஆனால் சம்பளம் அவனுடையது, விலை கிளப்பினுடையது. அடுத்த படிக்கு அவன் கையில் ஒன்றுமில்லை.

அந்தப் பணம் தீர்ந்த பின், பருவத்தின் நடுவில், சின்ன கிளப்பின் மைதானத்தில் இரண்டு கிளப்புகளும் மோதிய அன்று காற்று எழுந்தது. சின்ன கிளப்பின் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகத் தரையை விட்டு எழும்பி, பார்வையாளர் கூரைக்கு மேலே போய், கொடிக் கம்பங்களைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். கோல்கீப்பர் கம்பத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். கீழே, முந்தைய மழையில் இளகிய மைதானத்தில் பெரிய கிளப்பின் ஆட்டக்காரர்கள் முழங்கால்வரை புதைந்து நின்றார்கள். நடுவில் கிடந்த பந்தைத் தொட ஆளில்லை. யாரும் கூச்சல் போடவில்லை. மாலைவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு ஜனங்கள் வீட்டுக்குப் போனார்கள்.

அதன்பின் லீக் கூட்டம் கூடியது. கிளப்புகள் வருமானத்தில் ஒரு பங்கைப் பொதுவில் போட்டு, எல்லோரும் பிரித்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. சின்ன கிளப்பின் சார்பில் போனவர்களோடு அக்காவும் போயிருந்தாள். பெரிய கிளப்பின் தலைவர் நல்ல மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர்.

"நாங்க சம்பாதிச்சத நாங்க செலவு பண்றோம். இதுல அநியாயம் எங்கம்மா இருக்கு?" என்றார்.

"அநியாயம்னு சொல்ல வரலீங்க," என்றாள் அக்கா. "எதிர்ல ஆள் இல்லாம யாரோட ஆடுவீங்கன்னுதான் கேக்கறேன்."

தலைவர் மேசையைப் பார்த்தார். முழுப் பங்குக்கு அவர் சம்மதிக்கவில்லை. கேட்டதில் பாதிக்குக் கை தூக்கினார், அவரைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள்.

பங்கு பிரிந்த வாரத்தில் சின்ன கிளப்பின் பின்கட்டில் காலுறைக் கற்கள் குவிந்தன. காற்று அதிகமான நாட்களுக்கென்று ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பெரிய கிளப் விட்டுக்கொடுத்த அளவுக்குக் கனம் குறைந்த சிட்டு வீட்டுக்கு வந்து சுவரோரமாக, படி படியாக ஏறினான். முதல் மாடி தாங்கியது. இரண்டாம் மாடி தாங்கியது. அதற்கு மேலுள்ள படியில் கால் வைத்ததும் சுவரில் விரிசல் ஓடியது. அவன் காலை எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தான்.

அக்கா மேலே நின்று பார்த்தாள். பிறகு டாக்டரிடம் போய், ஒரு மாடி மட்டும் இறக்கலாமா என்று கேட்டாள். ஒரு மாடி என்றால் பார்க்கலாம் என்றார். இரண்டாம் மாடியிலிருந்த தையல்காரர் தன் முன்னறையைக் காலி செய்து கொடுத்தார். நாலு பேர் அப்பாவை நாற்காலியோடு தூக்கி, திருப்பங்களில் மூச்சு வாங்கி நின்று, இறக்கினார்கள். அப்பா மகனின் முகத்தைத் தடவிப் பார்த்து, இளைத்துப் போய்விட்டான் என்றார்.

அப்பாவின் கட்டில் அதன்பின் கடைசிவரை இரண்டாம் மாடியிலேயே இருந்தது. சிட்டு வரும் நாட்களில் தையல்காரர் மிஷினைச் சற்று நகர்த்தி வைப்பார், தரை அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும் என்பதால்.