பதினோரு மடை தாண்டி

ஃபைனஸின் வெங்காயப் பாத்தி வெடித்துவிட்டது. இன்னும் இரண்டு நாள் தண்ணீர் வராவிட்டால் அவ்வளவுதான், இந்தப் போகமும் மண்ணாய்ப் போகும். அவள் நிலம் கடைமடை. அவள் முறை நாளில்கூட மேலே உள்ளவர்கள் மடையைத் திறந்தே வைத்திருப்பார்கள். சின்ன ருவாஹா ஆற்றுத் தண்ணீர் முதலில் பாயும் தலைமடை நிலம் யாருடையது என்றால், சொல்லவே வாய் கூசுகிறது, கூடப்பிறந்த அக்கா அக்னெலாவுடையது. போன கோடையில் அக்கா வயலில் தண்ணீர் தளும்பி நிற்க, தங்கை பயிர் கருகியது. அன்றிலிருந்து ஓராண்டாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

இன்று மாமரத்தடியில் கூட்டம். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்திருந்த நெமேஸ் படம் வரைந்த அட்டைகளைப் பரப்பினான். அணை, சிமெண்ட் வாய்க்கால், புது விதை, ஆற்று மீன். ஆளுக்குப் பத்து பீன்ஸ் கொட்டை. எதை முதலில் ஆராய வேண்டுமோ அந்த அட்டையின் மேல் வைக்க வேண்டும். சனங்கள் அடித்துப் பிடித்து அணை மேல் கொட்டினார்கள். ஃபைனஸும் அங்கேயே வைத்தாள். அப்போதாவது தலைமடைக்காரர்கள் கொட்டம் அடங்காதா என்ற ஆத்திரம்.

அக்னெலா மட்டும் கொட்டைகளைக் கைக்குள் மூடிக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, வீட்டுக்குக் கொண்டுபோய் வேகவைக்கப் போறியா?" என்று ஒருவன் கிண்டலடிக்க, கூட்டம் சிரித்தது.

"சும்மா கெடடா. மூங்கில் கள்ளு நாத்தம் இங்க வரைக்கும் அடிக்குது," என்று அவன் வாயை அடைத்துவிட்டு, அவள் நெமேஸிடம் திரும்பினாள். "தம்பி, என் வயல்ல ஒரு விளக்கு நட்டியே, ஈரம் ஜாஸ்தின்னா நீலம், காஞ்சா சிவப்புன்னு. இந்தப் போகம் முழுக்க நீலமாத்தான் எரியுது. அப்பவும் என் முறை வந்தா மடையத் திறக்கறேன். வெங்காயம் பாதி அழுகிப்போச்சு. தெரிஞ்சேதான் திறக்கறேன்."

"ஏம்மா?"

"ஒரு தடவ வேணாம்னு விட்டா முறையே போயிடும், அப்புறம் எவனும் தரமாட்டான்னு பயம். இங்க எல்லாருக்கும் அந்தப் பயம்தான். அதுக்குப் படம் எங்க?"

நெமேஸ் என்ன வரைவதென்று தெரியாமல் வெற்று அட்டை ஒன்றை நீட்டினான். அக்னெலா பத்துக் கொட்டையையும் அதன்மேல் வைத்தாள்.

"நாளைக்கு என் முறை. கடைமடைக்கு விடறேன். அடுத்த தடவ எனக்குத் தருவீங்களோ மாட்டீங்களோ, போகட்டும்."

ஃபைனஸ் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். இருந்தாலும் வீம்பு விடுமா? "பேச்சுக்கென்ன, வந்தாப் பார்க்கலாம்" என்று முணுமுணுத்தபடி வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் விடிந்ததுமே மண்வெட்டியோடு போய் வாய்க்கால் கரையில் உட்கார்ந்தாள். நடுவில் பதினோரு மடை. ஒவ்வொன்றிலும் ஒருவன் கை நீளும். வெயில் உச்சிக்கு ஏறியும் வாய்க்கால் காய்ந்தே கிடந்தது. "இவள நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று எழுந்தாள்.

அப்போதுதான் சருகுகளைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. கூடவே கரையில் அக்னெலா. மண்வெட்டியை ஊன்றி, வலிக்கும் காலை இழுத்து இழுத்து வந்தாள். முட்டி பானையாய் வீங்கியிருந்தது.

"பதினோரு மடையிலயும் காவல் நின்னியா?" ஓராண்டுக்குப் பிறகு ஃபைனஸ் அக்காவிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நிக்காம? எட்டாவது மடைக்காரன் சண்டைக்கே வந்துட்டான். அவன் ஆத்தா வரைக்கும் இழுத்துட்டேன்ல. வாயப் பார்த்துட்டு நிக்காத, பாத்தியத் திற. உன் வெங்காயம் குடிக்கறத நான் பார்க்கணும்."

ஃபைனஸ் பாத்தியைத் திறந்துவிட்டாள். அக்காவைக் கரையில் உட்காரவைத்து, கையால் தண்ணீரை அள்ளி அந்த முட்டியில் விட்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, அவள் துடைக்கவில்லை.

"அடிப்பாவி, பயிருக்கு விடுடி!"

"அதும் குடிக்குதுக்கா. உன் விளக்கு எப்ப சிவப்பா எரியுதோ, ஆள் அனுப்பு. என் முறை உனக்குத்தான்."