அக்கா வீட்டுக் கதவுகள்

துறைமுகக் கரையில் குடிவந்த இரண்டே மாதத்தில் என் கணவருக்குக் ‘கதவுக்காரர்’ என்று பெயர் விழுந்துவிட்டது. அவர் தச்சு வேலை செய்பவர். அவர் இழைத்த மரத்தை உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் அடிப்பவள் நான். நாங்கள் வேலை பார்த்த மரப்பட்டறையை மூடிவிட்டார்கள், என்ன செய்வதென்று கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது என் அக்காதான் போன் செய்தாள்.

“பேசாம இங்க வந்துடுடி. எல்லாம் முந்நூறு வருஷத்து வீடு. தினம் ஒரு கதவாவது மக்கர் பண்ணும். மாப்பிள்ளைக்கு உக்கார நேரம் இருக்காது பாரு.”

அக்கா அங்கே லாட்ஜ் நடத்தினாள். கணவர் இறந்த பிறகு அதே லாட்ஜில் படுக்கை விரிப்பு துவைக்கப் போனவள், இருபது வருடத்தில் அதன் சொந்தக்காரி ஆகியிருந்தாள். கீழ்த்தளத்தில் பின்பக்கத்து அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தாள்.

தண்ணீரைப் பார்த்தபடி வரிசையாக ஒன்பது வீடுகள். இடையில் ஒரு விரல் நுழைய இடம் கிடையாது. சரக்கைக் கீழே இறக்கி வைத்துவிட்டு மேலே குடும்பம் நடத்திய வியாபாரிகள் கட்டியவை. மூட்டை தூக்கிய உத்திரங்கள் இன்னும் மொட்டைமாடி விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும். அக்காவின் லாட்ஜ் எட்டாவது வீடு. ஒன்பதாவது வீட்டில் மருந்துக்கடை. அதற்கு அப்பால் ஒரு பழைய கிடங்கு இருந்ததாம்; நாங்கள் வந்தபோது அதை இடித்துவிட்டு, பூமிக்கடியில் கார் நிறுத்துமிடம் கட்டப் பெரிய பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த முதல் மாதங்கள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே போவோம். ஒரு வீட்டில் சமையலறைத் தரை முழுக்கக் கப்பல் பலகை, ஆணி அடித்த ஓட்டைகளோடு. இன்னொரு வீட்டில் படிக்கட்டு அவ்வளவு குறுகல், மூன்றாம் மாடிக்காரர்கள் பீரோவை ஜன்னல் வழியாகத்தான் ஏற்றியிருந்தார்கள். வேலை முடிந்ததும் பின்பக்கத்துச் சந்துகளில் சுற்றுவோம். படிகள் தண்ணீருக்குள் இறங்கிப் பாசியில் மறையும். படகு கட்டிய இரும்பு வளையங்கள் துருப்பிடித்து என் மணிக்கட்டுத் தடிமனுக்கு உப்பியிருக்கும்.

இவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கதவை இழைத்தாலும் அதன் கீல் பக்க விளிம்பில், யார் கண்ணிலும் படாத இடத்தில், தேதியையும் எவ்வளவு மரம் எடுத்தார் என்பதையும் பென்சிலால் எழுதி வைப்பார். மருந்துக்கடையின் சரக்கறைக் கதவைக் கழற்றிய ஒரு நாள், அந்த எழுத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன, யாராவது காதல் கடிதம் எழுதிட்டாங்களா?” என்றார் மருந்துக்கடைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், தனிக்கட்டை. சிரிக்காமல் ஒரு வாக்கியம் பேச வராது அவருக்கு.

“நாலு மாசத்துல மூணாவது தடவைங்க. இதே கதவு, இதே மூலை.”

“என்ன பண்றது? என் கதவுக்கு உங்களைப் பாக்காம இருக்க முடியலையே.”

நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் ஒரு காகிதத்தில் ஒன்பது வீடுகளையும் கட்டம் போட்டு, எந்தக் கதவு எந்த மூலையில் பிடித்தது என்று குறித்தார். நாற்பத்தொரு கதவுகள். முதல் மூன்று வீடுகளில் மூலைகள் கலந்து கிடந்தன, பழைய வீட்டில் அப்படித்தான் இருக்கும். நான்காவது வீட்டிலிருந்து எல்லாம் ஒரே மூலை: பள்ளம் இருந்த பக்கத்து மேல்மூலை. பள்ளத்தை நெருங்க நெருங்க இழைத்த அளவும் கூடியிருந்தது.

“மரம் உப்பலை. வீடு இறங்குது” என்றார். குரலே மாறியிருந்தது. “இத்தனை நாளா நான் கதவைச் சரி பண்ணலை. வீடு சொன்னதை எல்லாம் சீவித் தள்ளியிருக்கேன்.”

மறுநாள் பள்ளத்துக்குப் போனோம். தகரத் தடுப்புக்குப் பின்னால் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. பள்ளத்தில் ஊறும் தண்ணீரை ஒரு தடித்த குழாய் இரவும் பகலும் துறைமுகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயில் ஒரு பாட்டிலைப் பிடித்து நிரப்பிக்கொண்டு வந்தார். ஒரு மணி நேரத்தில் பாட்டிலின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல் படிந்தது.

“தண்ணி மட்டும் வந்தா பரவால்ல” என்றார். “நம்ம காலுக்குக் கீழ இருக்கிறதும் சேர்ந்துல்ல வருது.”

பாட்டிலையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு நகராட்சிக்குப் போனோம். அங்கே பொறியாளர் பொறுமையாகத்தான் கேட்டார். பள்ளத்தைச் சுற்றி அளவுக் கருவிகள் இருக்கின்றன, எல்லாம் வரம்புக்குள்தான் காட்டுகின்றன என்றார். அந்தக் கருவிகளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று இவர் கேட்டதற்கு, “அது கம்பெனிக்காரங்க வச்சது. அவங்களுக்குத் தெரியாததா?” என்று பதில் வந்தது. பாட்டிலை மட்டும் வாங்கித் தன் ஜன்னலோரம் வைத்துக்கொண்டார்.

அக்காவிடம் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“முந்நூறு வருஷம் நின்ன வீடு. நீங்க வந்து ஆறு மாசத்துல விழுந்துடுமா?”

“அண்ணி, நான் விளையாட்டுக்குச் சொல்லலை.”

“நானும் விளையாட்டுக்குச் சொல்லலை மாப்பிள்ளை. இந்தப் பேச்சு ஒருத்தர் காதுல விழுந்தாலும் என் வாசல்ல ஈ காக்கா வராது. வாயைக் கொஞ்சம் கட்டி வையுங்க.” பிறகு என்னைப் பார்த்தாள். “நீயும்தான்.”

மருந்துக்கடைக்காரரோ வயிறு குலுங்கச் சிரித்தார். “விழுந்தா விழட்டும்யா. மாத்திரை எல்லாம் கைக்கெட்டுற தூரத்துலதானே இருக்கு?” சரக்கறைக் கதவையாவது கழற்றி வைக்கட்டுமா என்று இவர் கேட்டார். “எலி புகுந்துடும்” என்று மறுத்துவிட்டார்.

அதன் பிறகு பத்து நாள் எந்தக் கதவும் பிடிக்கவில்லை. ஒருவரும் எங்களைக் கூப்பிடவில்லை. நான் கூட நிம்மதியாக இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, லாட்ஜின் முதல் மாடியில் ஐந்தாம் எண் அறைக்கு நான் தலையணை உறை கொண்டுபோனபோது, சாத்திவிட்டு நான் திரும்பியதும் கதவு தானாகத் திறந்தது. மறுபடி சாத்தினேன். மெதுவாக, யாரோ உள்ளிருந்து தள்ளுவதுபோலத் திறந்து சுவரில் போய் நின்றது. இவரைக் கூப்பிட்டேன். வந்தவர் நிலைக்கும் கதவுக்கும் நடுவில் கையை விட்டார். மூன்று மாதம் முன்பு ஒரு தாள்கூட நுழையாத இடத்தில் சுண்டுவிரல் போனது. சுவரோரம் உட்கார்ந்து, பலகைத் தரையும் மருந்துக்கடைப் பக்கத்துச் சுவரும் சேரும் இடத்தில் காதை வைத்தார்.

“காத்து வருது” என்றார். “அந்த வீடு நம்மை விட்டுப் பிரியுது.”

நான் தலையணை உறையோடு சுவரை விட்டு விலகி நின்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா கண் டாக்டரிடம் போனாள். திரும்பி வர மதியம் ஆகும். அவள் தெருமுனை திரும்பியதும் இவர் திருப்புளியை எடுத்தார்.

“எல்லாக் கதவையும் கழட்டப் போறேன். நிலை கோணினா கதவு இறுகிடும், உள்ள இருக்கிறவன் வெளிய வர முடியாது. கதவே இல்லைன்னா எவனும் தங்கவும் மாட்டான். நீ வரலைன்னாலும் பரவால்ல.”

நான் போனேன். அவர் கழற்றிய கீல் திருகுகளை அறைக்கு ஒரு டப்பாவாக நான் எண் ஒட்டி வைத்தேன். பதினோரு அறை, இரண்டு குளியலறை, வாசல் கதவு. விற்பனைப் பிரதிநிதி ஒருவர் உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு கத்தினார்: “யோவ், இதையுமா கழட்டுற? கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா?” கப்பல் வேலை கிடைக்கக் காத்திருந்த மூன்று பேர் முதலில் சிரித்தார்கள், பிறகு பெட்டியைக் கட்டினார்கள். கதவுகளைப் பின்பக்கத்து முற்றத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம்.

கடைசியாகக் கீழ்த்தளத்தில் அக்காவின் அறை. பூட்டியிருந்தது. இவர் உளியை எடுத்துப் பூட்டைப் பார்த்தார். “ரெண்டு நிமிஷ வேலை” என்றார்.

“அக்கா ரூமை மட்டும் தொடாதீங்க” என்றேன்.

“ஏன்?”

“பூட்டை வேற உடைச்சா அவ என்னை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டா.”

அவர் உளியைப் பைக்குள் போட்டார்.

அக்கா வந்தாள். வாசலில் கதவில்லாத நிலையைப் பார்த்து அப்படியே நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “உனக்குச் சோறு போட்ட கைடி இது.” பிறகு இவரிடம், “நீங்க மாட்ட வேணாம். வேற ஆளை வச்சு மாட்டிக்கிறேன். சாமானைக் கட்டுங்க” என்றாள்.

புதன்கிழமை எங்கள் சாமானைக் கட்டினோம். வியாழக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும், வண்டிக்காக எதிரே படகுத்துறைச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். புதிதாக வந்த தச்சர் முதல் கதவைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தார். அப்போது மருந்துக்கடையின் கண்ணாடி முழுவதும் படீரென்று வெடித்துத் தெருவில் கொட்டியது.

புதுத் தச்சர் கதவைப் போட்டுவிட்டு ஓடினார். வாசலுக்கு வந்த அக்கா வெளியே பார்த்தாள், பிறகு எதையோ எடுக்க உள்ளே திரும்பினாள். “அக்கா!” என்று நான் அலறியது அவளுக்குக் கேட்கவில்லை. இவர் அதற்குள் சாமான் மூட்டையிலிருந்து உருவிய கோடாரியோடு தெருவைத் தாண்டியிருந்தார். நானும் ஓடினேன்.

அக்கா தன் அறைக்குள் போயிருந்தாள். கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொண்டு இறுகிவிட்டது. உள்ளிருந்து இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தாள். மேலே எங்கேயோ மரம் முறிகிற சத்தம், சுவரிலிருந்து காரை பொடிப்பொடியாக என் தலையில் விழுந்தது.

“அண்ணி, கீழ்ப் பலகையை உடைக்கிறேன். தள்ளி நில்லுங்க!”

மூன்று வெட்டில் கீழ்ப் பலகை பிளந்தது. அக்கா பருமனானவள். தோளில் தோல் உரிய, நாங்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து அந்த ஓட்டை வழியாக அவளை இழுத்தோம். பிறகு கூடம், வாசல், தெரு என்று ஓடினோம். வழியில் திறக்க வேண்டிய கதவு ஒன்றுகூட இல்லை.

நாங்கள் படகுத்துறைச் சுவரைத் தொடுவதற்குள் ஒன்பதாவது வீடு பள்ளத்துக்குள் சரிந்தது. லாட்ஜின் பாதி அதோடு போனது. தூசி தண்ணீர்மேல் வெகுநேரம் நின்றது. அது அடங்கியபோது, மீதிப் பாதியில் ஐந்தாம் எண் அறையின் கட்டில் விரிப்பு கலையாமல் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது.

மருந்துக்கடைக்காரரை மறுநாள் மதியம்தான் எடுத்தார்கள். சரக்கறையில் இருந்தாராம். தீயணைப்புக்காரர் ஒருவரிடம் இவர் கேட்டார்: “கதவு சாத்தி இருந்துச்சா, திறந்து இருந்துச்சா?” அவர் இவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து இவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரு வாரத்துக்குள் கரையெங்கும் வேறு பேச்சு கிளம்பியது. கதவுக்காரன் இரண்டு நாள் முன்னால் வீட்டிலிருந்த கதவை எல்லாம் உருவினானாமே, பழைய வீடு தாங்குமா என்று. எங்களோடு உட்கார்ந்து காபி குடித்தவர்களே அதைச் சொன்னார்கள். விசாரணைக்கு அதே நகராட்சி அலுவலகத்துக்குக் கூப்பிட்ட அதிகாரியும் பம்பைப் பற்றிக் கேட்கவில்லை. பொறியாளரின் ஜன்னலோரம் மணல் பாட்டில் அப்படியே இருந்தது.

“உரிமையாளர் அனுமதி இல்லாம பதினாலு கதவைக் கழட்டியிருக்கீங்க. சரிதானே?”

இவர் வாயைத் திறப்பதற்கு முன் அக்கா குறுக்கிட்டாள். அடிபட்ட கையைத் துணியில் தொட்டில்போலக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அதுவரை ஒரு வார்த்தை எங்களோடு பேசாதவள்.

“நான்தான் கழட்டச் சொன்னேன்.”

“நீங்களா?”

“வார்னிஷ் அடிக்க. என் வீடு, என் கதவு. எழுதிக்கங்க.”

அதிகாரி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். வீடு சரிந்த அன்று நின்ற பம்பு ஒன்பதாம் நாள் மறுபடி ஓடத் தொடங்கியது. அன்றே காலி செய்யச் சொல்லி அனுப்பப்பட்ட மீதி ஏழு வீட்டுக்காரர்களும் சாமானோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். இவர் வாசல் வாசலாகப் போய்ச் சொல்லிப் பார்த்தார். இரண்டு குடும்பம் மட்டும் கிளம்பியது. மற்றவர்கள் இவர் முகத்திலேயே கதவைச் சாத்தினார்கள். சில கதவுகள் ஒரே தள்ளில் சாத்திக்கொள்ளவில்லை.

விசாரணை முடிந்த அன்று அந்த அலுவலகப் படிக்கட்டில் இறங்கும்போது இவர் முன்னால் போய்விட்டார். அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். அடிபடாத பக்கமாக நான் நடந்தேன். பாதிப் படியில் நின்றாள்.

“அத்தனை ரூமையும் கழட்டினீங்களே” என்றாள். குரலில் கோபம் இல்லை. “என் ரூமை மட்டும் ஏன்டி விட்டீங்க?”

“பூட்டியிருந்துச்சுக்கா” என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிவிட்டு அடுத்த படியில் காலை வைத்தாள்.