தொத்தாத நோய்

இரண்டு வருஷமாகச் செந்தமிழ்ச்செல்வனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். கடலூரில் லாரி ஷெட் மெக்கானிக். இருமலும் மூச்சிரைப்பும் வந்தபோது எக்ஸ்ரேயைப் பார்த்த தனியார் டாக்டர் டிபி என்றார். சளியில் கிருமி அகப்படவில்லை. ஆனாலும் மாத்திரையை நிறுத்தவில்லை. எட்டு வயது மகள் வெண்மதியைக் கிள்ளை கிராமத்தில் தன் அண்ணன் தங்கராசு வீட்டில் கொண்டுபோய் விட்டவள் மனைவி இளவரசிதான். செல்வன் தடுக்கவில்லை.

2009 ஆடியில் மூச்சு முட்டிப்போய், சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைப் பார்த்த டாக்டர் புஷ்பவள்ளி சம்பந்தமில்லாமல் ஒன்று கேட்டார்.

"கால் எலும்பு வலிக்குமா?"

"முட்டிக்கு மேலயும் கீழயும் கொடைச்சலா இருக்கும்மா. வேல செஞ்ச அலுப்புன்னு உட்டுட்டேன்."

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். நுரையீரல் முழுக்க வலை விரித்தாற்போலத் தடித்த கோடுகள். மேலுறையும் தடித்திருந்தது. இதயத்திலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிச் சட்டை போட்டதுபோல ஒரு படலம்.

கால் எலும்பில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வர மூன்று வாரமாயிற்று.

"இது டிபி இல்ல. நம்ம உடம்போட காவல் செல்லே கன்னாபின்னான்னு பெருகி எல்லா எடத்துலயும் படியுது. நானே படிச்சதோட சரி, பாத்ததில்ல. ஊசி இருக்கு. ஆனா ரொம்ப முத்திப்போச்சு. யாருக்கும் தொத்தாது."

"இப்பத்தான் தொத்தாதா, மொதல்லயேவா?" என்றாள் இளவரசி.

"எப்பவுமே தொத்தாதும்மா."

அவள் வெளியே வந்து அண்ணனுக்குப் போன் போட்டாள். "வெண்மதிய இட்டுக்கினு வாண்ணா. டிபி இல்லயாம், வேற ஏதோ நோவாம். தொத்தாதாம்."

"டிபின்னாலாவது தெரிஞ்ச நோவு. இது என்ன நோவுன்னே தெரியலயே. கொஞ்ச நாள் போவட்டுமே, இளவரசி."

அண்ணனைத் திட்ட வாய் வரவில்லை. அவளே பஸ் ஏறிப் போய்ப் பிள்ளையை அழைத்து வந்தாள்.

வார்டு வாசலோடு நின்றுவிட்டாள் வெண்மதி.

"அப்பா கிட்ட போடி. ஒண்ணும் ஆவாது."

"நீதானம்மா போவக்கூடாதுன்ன?"

"அங்கயே நிக்கட்டும் உடு," என்றான் செல்வன். "எனக்கு இங்கருந்தே நல்லாத்தான் தெரியிது."

ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பினான். பிள்ளை நாளுக்கு ஓரடியாக நெருங்கி வந்தாள். கட்டிலில் உட்கார அவள் துணிந்த வாரம், அவனுக்குப் பேச மூச்சில்லை. மார்கழி பிறந்து நாலாம் நாள் இறந்துபோனான்.