மாமனார் வீட்டு வளைவு

மூடிக் கிடந்த பழைய ரயில் பாதையைத் திரும்பத் திறக்கப் புதுத் தடம் வரைந்திருந்தார் சர்வேயர். வரைபடத்தில் எல்லாம் சரி, ஒரே ஒரு வளைவைத் தவிர. ஏழு கிலோமீட்டர் சமர்த்தாக நேரே வந்த கோடு, ஓரிடத்தில் மட்டும் ஒதுங்கி, குன்றின் மேல் ஏறி இறங்கியது.

காரணம், மாமனாரின் குளியலறை.

மாமனார் அந்தப் பாதையின் கடைசி ஸ்டேஷன் மாஸ்டர். இப்போது அந்தப் பாதையை மீட்கும் குழுவின் தலைவர். ரயில்வே இடத்தில் கோழிக்கூடு கட்டியவரைக்கூட மேடையேறிக் கிழிகிழியென்று கிழித்தவர். போன வாரம் அவர் வீட்டில் குளிக்கப் போன சர்வேயர், ஈரப் படியில் வழுக்கி, தரையோடு தரையாகக் கிடந்தபோதுதான் படியின் பக்கவாட்டில் செதுக்கியிருந்த எண்ணைப் பார்த்தார். பதினேழு. அவர் ஊரெல்லாம் தேடி அலைந்த பதினேழாம் எல்லைக்கல். அளந்து பார்த்தால், குளியலறை மொத்தமும் தண்டவாளம் கிடந்த இடத்தில் நின்றது.

மனைவியிடம் சொன்னார். "எங்கப்பாவ ஊர் முன்னாடி தல குனிய வச்சீங்கன்னா, அந்த ரயில்லயே ஏறிப் போயிடுங்க" என்றாள். அதனால்தான் அந்த வளைவு.

திட்டத்தை அன்று மாலைக்குள் கொடுக்காவிட்டால் அனுமதி காலாவதி. நூலகத்தின் பின்னறையில் குழு கூடியது. கோழிக்கூட்டுக்காரரும் சண்டைக்குத் தயாராக மூலையில் உட்கார்ந்திருந்தார். மாமியார் வழக்கம்போல் கூட்டக் குறிப்பு எழுதினார்.

இன்ஜின் ஓட்டுநர் வளைவின் மேல் விரலை வைத்தார். "இந்த ஏத்தத்துல நம்ம கிழவி ஏற மாட்டா. அது நூறு வருஷத்து இன்ஜின்."

"நேர் வழியில மண்ணு சரியில்லீங்க" என்று மென்று முழுங்கினார் சர்வேயர்.

"அப்போ திட்டத்த மடிச்சு வச்சிட வேண்டியதுதான்."

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வளைவு எதைச் சுற்றிப் போகிறது என்று வெகுநேரம் பார்த்தார்.

"மாப்பிள்ள, அன்னிக்கு நீங்க விழுந்தீங்களே, எந்தப் படி?"

"பதினேழுன்னு செதுக்கியிருக்கே, அந்தப் படிதான் மாமா."

மாமனார் ரப்பரை எடுத்து வளைவை அழித்தார். ஸ்கேல் வைத்து, தன் குளியலறையின் நடுவே நேராகக் கோடு இழுத்தார்.

"கடைசி வண்டிக்குக் கொடி காட்டிட்டு வந்தேன். இனிமே ஒண்ணும் வராதுன்னு மனசு விட்டுப்போச்சு. அடுத்த மாசமே கட்டிட்டேன். தப்பு என்னோடதுதான்."

"எழுதிட்டேன்" என்றார் மாமியார்.

கோழிக்கூட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். அவமானப்படுத்த இதைவிட நல்ல சமயம் அவருக்கு வாய்க்காது. "ஸ்டேஷன் மாஸ்டரே குளிக்க எடமில்லாம நிக்கும்போது என் கோழிக்கு என்ன கேடு? நாளைக்கே பிரிச்சிடறேன்."

சர்வேயருக்குக் கண் கலங்கிவிட்டது. மாமியார் பேனாவை மூடினார்.

"மொதல்ல வேற குளியலறை கட்டுங்க, அப்புறம் இடிங்க. இந்தத் தடவ எடத்த மாப்பிள்ள அளந்து குடுக்கட்டும்."