முதலிடம் வந்த தெரு

ஆய்வுக்காரப் பெண் அழைப்பு மணியை அழுத்தியபோது, இஸ்திரி தன் மனைவியைப் படுக்கையறைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். "இருமல் வந்தா தலகாணியில வாயை வச்சு இருமு" என்று சொல்லிவிட்டு, சட்டைக் கையின் மடிப்பை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார். அந்த மடிப்பின் மேல் எலுமிச்சம்பழத்தைப் போட்டால் இரண்டாக விழும் என்று தெருவில் பேச்சு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினெட்டு வருடமாக விரிப்புகளைத் தேய்த்து மடிக்கிறவர். அம்மா அப்பா வைத்த பெயர் பாஸ்போர்ட்டுக்குள் பத்திரமாக இருந்தது. வெளியில் அவர் இஸ்திரிதான். சிறியவர்களுக்கு இஸ்திரி மாமா, பெரியவர்களுக்கு இஸ்திரியண்ணே.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சொல். ஒரு மாதத்துக்கு முன்பு நகராட்சி ஆள் வந்து தெருமுனைக் கூடத்தின் கதவில் அறிவிப்பு ஒட்டிவிட்டுப் போனான். "இரு குடியேறிச் சமூகங்களின் பொருளாதார, சமூக நிலை: ஓர் ஒப்பீடு." அதைத் தமிழில் படித்துச் சொன்னவர் இஸ்திரி. தெருவிலேயே அந்த ஊர் மொழி அவருக்குத்தான் நன்றாக வரும். அதாவது கடையில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடி வாங்காமல் வெளியே வரும் அளவுக்கு வரும். ஒப்பீடு என்ற சொல் அவர் வாயிலிருந்து விழுந்ததும் கூட்டத்தில் இருந்த நாற்பது பேருக்கும் முதுகுத்தண்டு நிமிர்ந்தது. பிறந்த நாள் முதலாக ஒப்பிடப்பட்டே வளர்ந்தவர்கள் அவர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை தொண்ணூற்றெட்டு, நீ எங்கே கிழித்தாய் என்று கேட்டுக் கேட்டுச் சோறு தின்றவர்கள். ஒப்பீடு என்றால் அவர்களுக்குப் பரீட்சை. அதுவும் யாரோடு? எதிர்த்தெருக்காரர்களோடு.

இரண்டு தெருவுக்கும் நடுவில் நான்கு எட்டுத்தான் தூரம். இந்தத் தெருக்காரர்கள் விமானத்தில் வந்தவர்கள். பட்டங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கியவர்கள். அந்த உறைகள் இப்போது கட்டில்களுக்கு அடியில் கிடந்தன. எதிர்த்தெருக்காரர்கள் பன்னிரண்டு வருடம் கழித்து நடந்தும், லாரியிலும், படகிலும் வந்தார்கள். புறப்பட்டவர்களில் பாதிப் பேர்தான் வந்து சேர்ந்தார்கள் என்று கேள்வி. அவர்கள் மொழி வேறு. வேலை முடிந்தால் வாசற்படியில் பனியனோடு உட்கார்ந்துவிடுவார்கள். துணியை வெளியில் காயப்போடுவார்கள். இந்தத் தெருவில் அதெல்லாம் கிடையாது. துணி வீட்டுக்குள்ளேயே காய்ந்து, சுவரெல்லாம் பூஞ்சை பிடித்து, அந்தப் பூஞ்சைக்கு மேல் பிள்ளைகளின் பரிசுச் சான்றிதழ்கள் மாட்டப்பட்டிருக்கும். வாசலில் ஒரு கார் நிற்கும். ஓடாது. ஆனால் ஞாயிறுதோறும் கழுவப்படும்.

சலவைக்கூடத்திலும் அப்படித்தான். நடுவில் தரையில் ஒரு மஞ்சள் கோடு. அந்தப் பக்கம் அழுக்கு விரிப்புகளைக் கொட்டி, பிரித்து, இயந்திரத்தில் போடுகிற ஈரப்பக்கம், எதிர்த்தெருக்காரர்கள். இந்தப் பக்கம் தேய்த்து மடிக்கிற உலர்பக்கம். உலர்பக்கத்துக்குக் கூடுதல் சம்பளம் என்று பதினெட்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தார் இஸ்திரி. யாரிடமும் கேட்டுப் பார்த்ததில்லை.

பரீட்சைக்கு மூன்று சாயங்காலம் பயிற்சி வகுப்பு நடந்தது. மாதிரி விடைகளை வாத்தியார் தயாரித்தார். ஒரு காலத்தில் கல்லூரியில் கணிதம் நடத்தியவர். இப்போது கார் நிறுத்துமிடத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டுக் கிழிக்கிறவர்.

"வீட்ல எத்தனை பேர்னு கேட்டா நாலைத் தாண்டக் கூடாது" என்றார் வாத்தியார். "மிச்சம் இருக்கிறவங்களை அன்னிக்குப் பூங்காவுக்கு அனுப்பிடுங்க."

"எங்க வீட்ல பதினோரு பேர் இருக்கோமே."

"ஏழு பேர் பூங்காவுக்கு. இதுக்குமா கணக்கு வாத்தியார் வேணும்?"

டைலர் அக்கா தயங்கித் தயங்கி எழுந்தாள். கணவனுக்கு ஒரு பக்கம் விழுந்து மூன்று வருடம். "அண்ணே, உடம்பு முடியாதவங்க இருக்காங்களான்னு கேட்டா?"

"பூஜ்யம்" என்றார் இஸ்திரி. "நோய்க்கெல்லாம் மார்க் கிடையாதும்மா."

அதைச் சொன்னபோது அவருக்குத் தன் மனைவி ஞாபகம் வராமல் இல்லை. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு நான்கு வருடம். வாரத்தில் மூன்று காலை ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள ஆஸ்பத்திரியில் இயந்திரத்தோடு படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஒரு நாள் தவறினால் கால் வீங்கும். நான்கு நாள் தவறினால் மூச்சு நிற்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆறரை மணிக்கு நகராட்சியின் வெள்ளை வேன் தெருமுனைக்கு வரும். அவளோடு டைலர் அக்காவின் கணவனையும் இன்னும் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போகும். ஆனால் வேன் ஒரு ஆபீஸ், ஆஸ்பத்திரி ஒரு ஆபீஸ், ஆய்வு இன்னொரு ஆபீஸ். ஆபீஸுக்கு ஆபீஸ் பேசிக்கொண்டதாக அவர் எந்த நாட்டிலும் கேள்விப்பட்டதில்லை.

ஆய்வு நாளன்று பூங்காவில் வாத்துகளுக்கு நிற்க இடமில்லை. வாத்தியார் வீட்டுக் கலைக்களஞ்சியம் பன்னிரண்டு தொகுதியும் ஆய்வுக்காரப் பெண்ணுக்கு ஒரு வீடு முன்னால், பின்சுவர் ஏறிக் குதித்துப் போய்க்கொண்டிருந்தது. ஏழாவது வீட்டில் அவள், "இந்தத் தெருவில் எல்லாரும் இதையேதான் படிக்கிறீர்களா?" என்று வியந்து கேட்டு, எழுதியும் கொண்டாள். மொழிபெயர்ப்பாளராக இஸ்திரி கூடவே போனார். பாதுகாப்புக்காரனைப் பாதுகாப்பு அதிகாரி ஆக்கினார். பாத்திரம் கழுவுகிறவரை உணவுத் துறையில் சேர்த்துவிட்டார். "ஏதோ போகுதுங்க" என்று மக்கள் சொன்னதையெல்லாம் "மிகவும் திருப்தி" என்று மாற்றிச் சொன்னார்.

கடைசியாக அவருடைய வீடு. படுக்கையறைக் கதவைச் சாத்துவதற்காக அவர் மட்டும் முன்னால் ஓடிவந்திருந்தார். எத்தனை பேர்? இரண்டு. நீண்டகால நோயாளிகள்? மூடிய கதவுக்குப் பின்னால் சத்தமே இல்லை. இருமல்கூட இல்லை.

"இல்லை" என்றார் அந்த ஊர் மொழியில்.

நாற்பத்தொரு படிவத்திலும் மொழிபெயர்ப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொன்றையும் அச்சடித்தாற்போல் போட்டார்.

அறிக்கை இரண்டு மாதத்தில் வந்தது. உள்ளே ஒரு படம்: இரண்டு தூண்கள், ஒன்று உயரம், ஒன்று குட்டை. உயரமானது இந்தத் தெரு. வாத்தியார் அளவுகோல் வைத்து அளந்து, இரண்டரை மடங்கு என்று அறிவித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடிக் கூண்டுக்குள் போன பிறகு அவருக்குக் கிடைத்த முதல் முதலிடம் அது. மிட்டாய் கொடுத்தார்கள். படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் ஒட்டினார்கள், எதிர்த்தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற பக்கமாக.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. நன்றாக நிலைபெற்றுவிட்ட சமூகத்துக்கு வாழ்த்துகள். வருகிற முதல் தேதியிலிருந்து வேனும், வீட்டுக்கு வரும் நர்சும், மொழி வகுப்பும் தேவை அதிகமுள்ள எதிர்த்தெருவுக்கு மாற்றப்படுகின்றன.

முதல் தேதி ஆறரை மணிக்கு வேன் வந்தது. கண்ணெதிரே நான்கு எட்டுத் தூரம் தாண்டி நின்றது.

இஸ்திரி மனைவியைப் பேருந்தில் கூட்டிப் போனார். இரண்டு பேருந்து, நடுவில் ஒரு நடைபாலம், அறுபத்திரண்டு படி. முப்பத்தெட்டாவது படியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தாண்டி ஊரே வேலைக்குப் போனது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது இயந்திரத்தில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். அவர் சலவைக்கூடத்துக்கு மூன்று மணி நேரம் தாமதம். இன்னும் இரண்டு முறை இப்படி வந்தால் வர வேண்டாம் என்று மேற்பார்வையாளர் மரியாதையாகத்தான் சொன்னான். டாக்சிக்காரன் சொன்ன தொகையைக் கேட்டபோது வண்டியை விலைக்குத் தருகிறானோ என்று நினைத்தார். தெருவில் ஓடுகிற கார் ஒன்றே ஒன்று இருந்தது. அது இரவெல்லாம் வாடகைக்கு ஓடிவிட்டு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்பும். மூன்றாவது வாரத்தில் அவள் கால் எந்தச் செருப்புக்குள்ளும் நுழையவில்லை. அவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

நகராட்சிக்குப் போய் உண்மையைச் சொன்னார். நாற்பத்தொரு வீட்டின் உண்மையையும் மேசை மேல் கொட்டினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"இந்தக் கையெழுத்து உங்களுடையதுதானே?"

"ஆமாம்."

"அப்படியென்றால் அப்போது சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா?"

அடுத்த ஆய்வு மூன்று வருடம் கழித்து என்று சொல்லி, அதிகாரி எழுந்து கைகொடுத்தார். "உங்கள் ஆட்களைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்."

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"நான் அன்னிக்கு உள்ள இருந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன்" என்றாள்.

"அவங்க மொழியிலதானே பேசினோம்."

"இல்லைங்கிற வார்த்தை எனக்குத் தெரியாதா? இந்த ஊர்ல அதைத்தானே தினமும் சொல்றாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீங்க இல்லைன்னு சொன்னதும், ஒரு நிமிஷம் எனக்கே நிஜமா ஒண்ணும் இல்லாத மாதிரி இருந்துச்சுங்க. எழுந்து வந்து அந்தப் பொண்ணுக்கு டீ போட்டுக் குடுக்கலாமான்னு தோணுச்சு."

அவர் அவள் கணுக்காலை அமுக்கிப் பார்த்தார். விரல் பதிந்த குழி மாவில் பதிந்ததுபோல் அப்படியே நின்றது.

மறுநாள் சலவைக்கூடத்தில் நெட்டையன் மஞ்சள் கோட்டருகே வந்து நின்றான். ஈரப்பக்கத்தில் வண்டி தள்ளுகிறவன். அவன் நிமிர்ந்தால் விளக்கை மாற்ற ஏணி வேண்டாம். நான்கு நாளாக வேலைக்கு வரவில்லை. இருவரும் அந்த ஊர் மொழியில் பேசிக்கொண்டார்கள். அந்த ஊர்க்காரன் கேட்டிருந்தால் தன் மொழியைக் காப்பாற்றப் போலீசைக் கூப்பிட்டிருப்பான்.

"அம்மா போயிட்டாங்க" என்றான் நெட்டையன்.

"என்ன உடம்புக்கு?"

"உங்க வீட்டம்மாவுக்கு என்னவோ, அதேதான். அதே இயந்திரம்."

இஸ்திரி கையிலிருந்த விரிப்பை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். "ஆய்வுல நீங்க என்ன சொன்னீங்க?"

"கேட்டதுக்குச் சொன்னோம். பதினாலு பேர்னு சொன்னோம். சம்பளச் சீட்டைக் காட்டினோம்."

நெட்டையன் பையிலிருந்து எடுத்து நீட்டிய சீட்டை இஸ்திரி பார்த்தார். தன்னுடைய சீட்டில் இருக்கும் அதே தொகை. கடைசி இலக்கம் வரை அதே.

"அம்மாவையும் காட்டினோம். அந்தப் பொண்ணு அழுதுச்சு. அழுதுட்டுப் போய், ரெண்டு மாசம் கழிச்சு வேன் வந்துச்சு. அம்மா ஆறு தடவ போனாங்க."

"அதுக்கு முன்னாடி?"

"நான் தூக்கிட்டுப் போவேன். பாலத்து வழியா." தண்ணீரின் சூட்டைச் சொல்வதுபோல் மேலே சொன்னான்: "நாலு வருஷம் முன்னாடி உங்ககிட்ட கேட்டேன், வேன்ல ரெண்டு இடம் காலியாத்தானே போகுதுன்னு. இது எங்க தெரு வேன்னு சொன்னீங்க."

அப்படிச் சொன்னது இஸ்திரிக்கு ஞாபகம் இல்லை. ஆனால் சொல்லியிருப்பார் என்பது நன்றாகத் தெரிந்தது.

நெட்டையன் ஒரு காலைத் தூக்கிக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்தான். "பட்டியல்ல அம்மா பேரு இன்னும் இருக்கு. மாசக் கடைசி வரைக்கும் எடுக்க மாட்டாங்க. டிரைவருங்க வாரத்துக்கு ஒருத்தர், முகம் தெரியாது. உங்க வீட்டம்மாவை எங்க பக்கம் வந்து நிக்கச் சொல்லுங்க."

மாசக் கடைசிக்குப் பதினொரு நாள் இருந்தது. ஐந்து முறை போகலாம். அதற்கப்புறம் என்ன என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த காலை ஆறேகாலுக்கு அவள் எதிர்த்தெரு வாசற்படியில் நின்றாள். பக்கத்தில் இஸ்திரி. அவள் மேல் நெட்டையனின் அம்மாவுடைய பழுப்புக் கோட்டு, கணுக்கால் வரை. கோட்டைக் கொண்டுவந்து கொடுத்த நெட்டையனே இப்போது அதை மேலும் கீழும் பார்த்தான். விடிவதற்குள் இஸ்திரி அதைத் தேய்த்து வைத்திருந்தார். கை பழக்கம். தோளிலிருந்து மணிக்கட்டு வரை கத்தி வைத்தாற்போல் மடிப்பு.

"எங்க தெருவில இப்படி யார்கிட்ட கோட்டு இருக்கு?" என்று சொல்லி, அவள் கைகளை மெதுவாகப் பிடித்து, கோட்டின் கைப்பகுதியைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்குள்ளும் கசக்கினான். முழங்கையில் ஒரு தடவை, தோளில் ஒரு தடவை. அவள் குழந்தைக்குச் சட்டை மாட்டுவதுபோல் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். இஸ்திரி பார்வையை வேறு பக்கம் திருப்பினார். அங்கே கூடத்துச் சுவரில் அந்தப் படம் இருந்தது. எதிர்த்தெருவிலிருந்து அது எவ்வளவு நன்றாகத் தெரிகிறது என்பதை அன்றுதான் பார்த்தார்.

"எதுவும் பேசாதே" என்று மனைவியிடம் சொன்னார். "பேரைச் சொன்னா தலையாட்டு. எப்படி இருக்கேன்னு கேட்டா இப்படி" என்று உதட்டைப் பிதுக்கிக் கையை விரித்துக் காட்டினார். அவள் ஒரு தடவை செய்து காட்டினாள். சரியாக வந்தது.

வேன் வந்து நின்றது. கதவு திறந்தது. டிரைவர் புதியவன், இளவயது, சிரித்த முகம். மடியில் பட்டியல். ஒரு பெயரைப் படித்தான். அவள் தலையாட்டினாள். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். அவள் இஸ்திரியின் செருப்புக்குள் இருந்த வலது காலைத் தூக்கி வேனின் படியில் வைத்தாள்.

"இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள், அம்மா?" என்று அவன் அந்த ஊர் மொழியில் அன்பாகக் கேட்டான்.

"நல்லா இருக்கேன்ப்பா" என்றாள் அவள், தமிழில்.

பென்சில் தாளுக்கு மேலே நின்றது. டிரைவர் பட்டியலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடியும் பட்டியலைப் பார்த்தான். ஒரு கால் தரையிலும் ஒரு கால் படியிலுமாக அவள் நின்றுகொண்டிருந்தாள். கசங்கிய கைப்பகுதியில், தோளிலிருந்து கீழ்நோக்கி, அந்த மடிப்பு மெல்லத் திரும்ப எழும்பிக்கொண்டிருந்தது.